முதல் புள்ளியை எங்கே வைப்பது?

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள், வரைபடத் தாளில் ஒரே ஒரு கோடு வரைய எக்ஸுக்கு ஐந்து மதிப்பு கொடுத்து, ஐந்து முறை ஒய் கண்டுபிடித்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். தப்பில்லை, ஆனால் ஒய் = எம்எக்ஸ் + சி என்று சமன்பாடு ஏற்கெனவே இருந்தால் அவ்வளவு பாடு தேவையில்லை.

சி என்பது எக்ஸ் 0 ஆகும்போது ஒய்யின் மதிப்பு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம் (அமெரிக்க வீடியோக்களில் இதையே பி என்பார்கள், குழம்ப வேண்டாம்). முதல் புள்ளி அங்கேதான். எம் என்பது சாய்வு, இவள் பள்ளியில் ஸ்லோப்: வலப்பக்கம் எத்தனை கட்டம் போனால் கோடு எத்தனை கட்டம் ஏறும் அல்லது இறங்கும் என்பது.

ஒய் = −2/3 எக்ஸ் + 4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய் அச்சில் 4-இல் புள்ளி வையுங்கள். பின்னத்தின் கீழே 3, அதனால் வலப்பக்கம் 3 கட்டம். மேலே −2, அதனால் 2 கட்டம் இறங்குங்கள். (3, 2) வரும். அதே மாதிரி இன்னொரு முறை போனால் (6, 0). மூன்றும் ஸ்கேலில் ஒரே நேராக உட்கார்ந்தால் கோடு போடலாம், இல்லையென்றால் எண்ணியதில் பிசகு. இடப்பக்கம் போக வேண்டுமானால் 3 இடம், 2 ஏற்றம். கழித்தல் குறியை மேலேயும் கீழேயும் இரண்டு தடவை பயன்படுத்திவிட்டு, கோடு ஏன் ஏறுகிறது என்று முழிக்காதவர் யாருமில்லை. எம் முழு எண்ணாக இருந்தால் கீழே 1 போட்டுக்கொள்ளுங்கள்: 2 என்றால் 2/1.

3எக்ஸ் + 2ஒய் = 8 என்று கொடுத்தால்? முதலில் ஒய்யைத் தனியாக்குங்கள்: ஒய் = −3/2 எக்ஸ் + 4. அப்புறம் பழைய கதைதான்.

இவள் திணறியது ஆட்டோ கட்டணத்தில். பெங்களூரில் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 (மீட்டர் போடும் ஆட்டோ கிடைத்தால்). எக்ஸ் கிலோமீட்டர், ஒய் கட்டணம். எம் 18, சரி. சி 36 என்று எழுதிவிட்டாள். கண்ணில் முதலில் படும் எண்ணெல்லாம் சி ஆகிவிடாது. 2 கிலோமீட்டருக்கு 36, 3-க்கு 54. அதே கோட்டைப் பின்னால் நீட்டினால் 1-க்கு 18, 0-வுக்கு 0. சி பூஜ்யம்! சமன்பாடு வெறும் ஒய் = 18எக்ஸ்.

"ஆனா சித்தி, ஏறி உட்கார்ந்ததுமே மீட்டர் 36 காட்டுதே?"

கேள்வி நியாயம்தான். முதல் 2 கிலோமீட்டர் வேறு கோடு: ஒய் = 36, சாய்வு 0, தரைக்கு இணையாகப் படுத்துக்கிடக்கும். அவள் கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், 18 ரூபாய்க்கு ஒரு கட்டம் என்று அளவு வைத்து வரைந்தாள். கோடு இரண்டு கட்டம் படுத்திருந்து, அங்கிருந்து வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று ஏறியது.