உதாரத்துவம்: கொடுக்கிற கை சறுக்கும் இடங்கள்

ஆராதனையில் காணிக்கைப் பை இரண்டு வரிசைக்கு முன்னால் வந்ததும்தான் நாம் சட்டைப் பையைத் தடவுவோம். நூறு ரூபாய் நோட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பத்து ரூபாயை விரலாலேயே கண்டுபிடிக்கிற திறமை பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. சரி, கஞ்சத்தனத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டாயிற்று, அதை விட்டுவிடுவோம். மனமுவந்து கொடுக்கிறவர்களே சறுக்குகிற சில இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் வீடு. மாற்கு 7-ம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்று ஒரு சொல் வருகிறது. பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியைக் காட்டி "இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை" என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதன்பிறகு அவன் தாய் தகப்பனுக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்று அன்றைய மதத் தலைவர்கள் விட்டுவிட்டார்கள். தேவனுடைய வசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்று இயேசு அவர்களைக் கடிந்துகொண்டார். அந்தச் சொல் இன்று புழக்கத்தில் இல்லை, பழக்கம் இருக்கிறது. மாதம் பிறந்ததும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் கவர் சபைக்குப் போய்விடும். ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தம்பி போன் செய்தால் "அடுத்த மாசம் பார்க்கலாம்டா" என்போம்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளமும் இதே கணக்கில்தான் வரும். கூலிக்காரனுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடு, அவன் அதைத்தான் நம்பியிருக்கிறான் என்று உபாகமம் 24 சொல்கிறது. நாம் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுத்துத் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். கடனைத் தீர்ப்பது தர்மக் கணக்கில் சேராது.

தசமபாகம் என்றதும், அதை முழுவதும் ஆலயப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-க்கு எல்லோரும் போய்விடுகிறார்கள். உபாகமம் 14-ஐ யாரும் அவ்வளவாக வாசிப்பதில்லை. அங்கே, கொண்டுபோன தசமபாகத்தைக் கொடுத்தவனே தன் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும் என்று எழுதியிருக்கிறது! மூன்றாம் வருஷத்தில் அது ஊர் வாசலிலேயே வைக்கப்படும். சொந்த நிலமில்லாத ஆலய ஊழியனான லேவியனும், வேறு தேசத்திலிருந்து வந்த பரதேசியும், திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவார்கள். பத்தில் ஒரு பங்கை ஆலயத்தில் கட்டியாயிற்று, இனி யாரும் என்னிடம் கேட்கக்கூடாது என்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசிக்கலாம்.

அடுத்தது வட்டிக் கணக்கு. ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுக்கலாம் என்று மேடையில் சொல்லக் கேட்டு, கம்மலைக் கழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கு 2 கொரிந்தியர் 9-ல் வரும் விதைப்பும் அறுப்பும்தான் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்தபோது பவுல் எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவர் உதாரணமாகக் காட்டுகிற மக்கெதோனியா சபையார் 'கொடிய தரித்திரமுடையவர்கள்'. கொடுத்ததால் அவர்கள் பணக்காரர்களானார்கள் என்று பவுல் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அப்புறம், அந்தப் பணத்தை அவர் தனியாகக் கையாளவும் இல்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று தன் உடன் ஊழியனான தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பிவைத்தார். அதனால் நாம் கொடுத்தது எங்கே போனது என்று கணக்குக் கேட்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். காணிக்கைப் பெட்டியில் தன்னிடமிருந்த இரண்டு காசையும் போட்ட ஏழை விதவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது அன்றைய வேதப் போதகர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு.

கிழிந்த சட்டை, தேதி முடிந்த பிஸ்கட், பொத்தான் போன பேன்ட் ஆகியவற்றைக் கொண்டுபோய் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது வீட்டைச் சுத்தம் செய்வது.

என்னை அதிகம் உறுத்துவது போட்டோ. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் உதவி வழங்கும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு அம்மா வாங்கப் போனார். பையின் ஒரு காதை அவர் பிடித்திருக்க, மறு காதை நான்கு பேர் பிடித்திருந்தார்கள். "அம்மா, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார் கேமராக்காரர். படம் சரியாக விழவில்லை. பையைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மறைத்துக்கொண்டார். அவருடைய மகள் அதே கூட்டத்தில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு நேர் எதிராக, வேதாகமத்தில் ரூத்தின் கதையில் போவாஸ் இருக்கிறார். ரூத் மாமியாரோடு பிழைக்க வந்த அந்நிய தேசத்து விதவை, போவாஸ் அவள் கதிர் பொறுக்கப் போன வயலின் சொந்தக்காரர். அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பது லேவியராகமம் 19-ல் உள்ள சட்டம். போவாஸ் அதற்கும் மேலே ஒரு படி போகிறார். அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அதட்டாதிருங்கள் என்று வேலைக்காரரிடம் சொல்கிறார். ரூத்தைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவள் சாயங்காலம்வரை பொறுக்கி, தட்டி, தன் உழைப்பின் பலனாகவே வாற்கோதுமையை மாமியாரிடம் கொண்டுபோனாள்.

நம் ஊரிலும் இதற்கு வழி உண்டு. பிள்ளையின் கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் நேராகக் கட்டிவிடலாம். தெருமுனை அண்ணாச்சி கடையில் பற்று நோட்டைப் புரட்டச் சொல்லி, ஒரு வீட்டுப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, "யார்னு சொல்லாதீங்க" என்று வந்துவிடலாம். அண்ணாச்சி என்றைக்காவது சொல்லிவிடுவார்தான், அது வேறு விஷயம். ஆலயத்து மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதினால் விசிறி நிற்கும்போதுதான் அதை வாசிக்க முடியும்.

கடைசியாக, "கொஞ்சம் வசதி வரட்டும், அப்புறம் செய்யலாம்" என்று தள்ளிப்போடுவது. மிசோரம் சபைகளில் 1910 முதல் 'பூஃபாய் தாம்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது சேர்ந்து சபைக்கும் மிஷனெரி ஊழியத்துக்கும் போகும். நம் பக்கத்துப் பாட்டிகளும் பிடியரிசி எடுத்து வைத்தவர்கள்தான்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர். குக்கரில் ஒரு டம்ளர் அரிசிதான் வேகிறது. அதில் ஒரு பிடி எடுத்தால் மீதி யாருக்குக் காணும் என்று மனைவி சிரிக்கிறாள். ஆனாலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது, போன வாரம் பார்த்தபோது கழுத்துவரை நிரம்பியிருந்தது.