வாடிவாசலுக்கும் வீட்டுக் காதுகுத்துக்கும் ஒரே கேமரா: குறைந்த விலையில் கேம்கார்டர் வாங்குவது எப்படி

கார்த்திகை பிறந்துவிட்டால் என்னிடம் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "அண்ணே, இந்த வருசம் பாலமேட்டுல நம்ம மாடு அவுக்குறோம். தை கடைசியில பாப்பாவுக்குக் காதுகுத்து. ஒரு ஹேண்டிகேம் வாங்குனா ரெண்டுக்கும் ஆகும்ல? இருபது இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள எதுண்ணே நல்லது?" வாடிப்பட்டி, பாலமேடு, அலங்காநல்லூர் சுற்றுவட்டாரத்தில் விசேஷ வீடுகளுக்கு வீடியோ எடுப்பதும், மற்றவர்கள் எடுத்துவருவதை எடிட் செய்து கொடுப்பதும் என் தொழில். எந்தக் கேமராவில் எடுத்தது வீட்டு டிவியில் எப்படித் தெரியும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாடல் பெயர் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி. எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப்போகிறீர்கள்? நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? ஜல்லிக்கட்டில் தூரம்தான் சிக்கல். காதுகுத்தில் நேரமும் சத்தமும் சிக்கல். இரண்டையும் குறைந்த செலவில் ஒரே கருவி சமாளிக்க வேண்டும் என்றால் அது கேம்கார்டர்தான், அதாவது நம் ஆட்கள் ஹேண்டிகேம் என்று சொல்லும் வீடியோ கேமரா.

என் அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல போன் இருக்கே மாமா, எதுக்குத் தனியாக் காசு?" என்றான். "கேலரியில உக்காந்து எடுத்தியே, அதைக் காட்டு மாப்ள" என்றேன். படத்தில் கூட்டம் இருந்தது, கம்பி வேலி இருந்தது, வானம் அழகாக இருந்தது. வாடிவாசலில் இருந்து பாய்ந்து வந்த காளை ஒரு புள்ளியாக இருந்தது. விரலால் பெரிதாக்கி எடுத்த இன்னொரு துண்டில் காளை பெரிதாக இருந்தது, ஆனால் திமிலும் தெரியவில்லை, அதைப் பிடித்திருந்த பையனின் முகமும் தெரியவில்லை.

இது கணக்கு. கேலரியில் நீங்கள் 50 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். போனின் சாதாரண லென்ஸ் அந்தத் தூரத்தில் சுமார் 70 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்கிவிடும். மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் உள்ள விலை கூடிய போன் என்றால் 23 மீட்டர். 30 மடங்கு ஆப்டிக்கல் ஜூம் உள்ள சாதாரண கேம்கார்டரில், முழு ஜூமில், அந்த அகலம் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு காளை தலையிலிருந்து பின்பக்கம் வரை சட்டத்தை நிறைத்து நிற்கும். ஆக்‌ஷன் கேமராவை இங்கே கொண்டுவராதீர்கள். அதன் லென்ஸ் போனைவிட அகலமானது. பைக்கில் மாட்டவும் தண்ணீரில் இறங்கவும் அது நல்ல கருவி. தூரத்துக் காளைக்கு அது ஆகாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆப்டிக்கல் ஜூம். அது லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து உண்மையாகவே கிட்டத்தில் இழுப்பது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் எடிட்டிங்கிலேயே செய்துகொள்ளலாம், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியில் எது பெரிய எழுத்தில் இருந்தாலும் நம்பாமல், லென்ஸின் முன்பக்க வளையத்தைப் படியுங்கள். அங்கே பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். சோனி சிஎக்ஸ்405-ல் 1.9, 57.0 என்று இருக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 30. அதுதான் உண்மையான ஜூம்.

அந்த இரண்டு எண்ணும் இல்லாமல் ஒரே எண் மட்டும் இருந்தால் அது நகராத லென்ஸ். ஆன்லைனில் ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு, கேள்விப்படாத பெயரில், 4கே, 48 மெகாபிக்சல், 16 எக்ஸ் என்று போட்டு விற்கும் கேம்கார்டர்கள் பெரும்பாலும் இந்த வகை. கூடவே மைக், லைட், ரிமோட், பை எல்லாம் வரும். அந்த 16 எக்ஸ் முழுக்க டிஜிட்டல். கை ஆட்டத்தைத் தாங்கும் வசதியும் கண்ணாடியில் இருக்காது. விவசாயக் கூலியில் சேர்த்த பணத்தில் அதை வாங்கிவிட்டு, எப்படியாவது தெளிவாக்கித் தாருங்கள் என்று என்னிடம் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். படத்தில் பதியாததை எந்த எடிட்டராலும் கொண்டுவர முடியாது. அந்தப் பணத்துக்குப் பழைய நல்ல கேமரா வாங்கலாம்.

ஜூமுக்கு அடுத்தது நடுக்கம். 30 மடங்கு இழுத்தால் உங்கள் மூச்சுகூடப் படத்தில் தெரியும். ஆப்டிக்கல் ஸ்டெபிலைசேஷன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் என்று மட்டும் இருந்தால் வேண்டாம். சோனியில் ஆப்டிக்கல் ஸ்டெடிஷாட் என்பார்கள், பானசோனிக்கில் ஓஐஎஸ். எழுதியிருந்தால் மட்டும் போதாது, கடையிலேயே சோதியுங்கள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வாங்குகிறீர்கள் என்றால் கேமராவைக் கேட்டு வாங்கிக் கடைக்கு வெளியே வாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் மேலக்கோபுரம் கண்ணில் படும் இடத்தில் நின்று ஒரே ஒரு சுதைச் சிற்பத்துக்கு முழு ஜூமில் போய், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு இருபது எண்ணும்வரை பிடியுங்கள். அந்தச் சிற்பம் சட்டத்துக்குள்ளேயே நின்றால் சரி. பிறகு ரோட்டில் போகும் ஒரு பைக்கைத் தொடர்ந்து திருப்பி எடுங்கள். பைக் கலங்கிப்போய் மறுபடி தெளிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதில்தான் ஆட்டோ ஃபோகஸின் தரம் தெரியும். காளை வாடியைத் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போவது சில நொடிகள்தான். அதில் பாதியை ஃபோகஸ் தேடுவதிலேயே விட்டுவிடும் கேமரா நமக்கு உதவாது. இரண்டு சோதனையையும் செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள்.

ரெக்கார்டிங் மெனுவில் 1080/50பி இருக்க வேண்டும், அதாவது நொடிக்கு 50 முழுப் படங்கள். 50ஐ என்பது வரிவரியாகப் பின்னிய படம், வேகமாக ஓடும் எதிலும் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழியும். 50பி-யில் எடுத்தால் மாடுபிடி வீரர் திமிலில் தாவும் இடத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். 4கே பற்றிக் கேட்பவர்களுக்கு என் கருத்து: இருபத்தைந்தாயிரத்துக்குள் நல்ல ஜூமோடு உண்மையான 4கே கிடைக்காது. அதைத் துரத்தி ஜூமையும் ஸ்டெபிலைசேஷனையும் விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல முழு எச்டி போதும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் கேமரா என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், கேமராவும் 60 ஃபிரேம் கணக்கில் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படம் முழுக்க வெளிச்சம் துடிக்கும், அல்லது பட்டை பட்டையாக ஓடும். மெனுவில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, 1/100 நொடி என்று கையால் வைக்க முடிந்தால் சரியாகிவிடும். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் பகல் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சத்தம். கேமரா வாங்குகிறவர்கள் யாருமே இதைக் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பத்து வருடம் கழித்து அந்த வீடியோவைப் போட்டால், அப்பத்தா பேசினது, பொம்பளையாட்கள் போட்ட குலவை, பிள்ளை வீரிட்டது, இதற்காகத்தான் திரும்பப் போடச் சொல்வார்கள். சின்ன கேமராக்கள் சத்தத்தின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். தவில் ஒரு அடி விழுந்ததும் எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிடும், பிறகு மெல்ல ஏற்றும். பக்கத்தில் தாய்மாமன் பேசியது அந்த அமுக்கலில் போய்விடும். மெனுவில் மைக் அளவைக் குறைத்து வைக்கும் வழி இருக்கிறதா பாருங்கள். வெளி மைக் சொருகும் 3.5 மி.மீ. துளை இருந்தால் இன்னும் நல்லது. சிஎக்ஸ்405-ல் அந்தத் துளை கிடையாது. பானசோனிக் வி785, சோனி ஏஎக்ஸ்43 மாதிரி மேல்நிலை மாடல்களில் உண்டு, விலையும் கூடும். துளை இல்லாத கேமரா என்றால் மேளக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம், பேசுகிறவர்களுக்குப் பக்கம் நில்லுங்கள். உங்கள் போனில் குரல் பதிவை ஓடவிட்டு மணையின் ஓரத்தில் வையுங்கள். எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தைப் படத்தோடு சேர்த்துவிடலாம். ஜல்லிக்கட்டுக் கேலரியில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். மாட்டுக்காரர் பெயரும் பரிசும் சொல்லும் வர்ணனை உங்கள் மாட்டுக்குக் கிடைக்கும் சாட்சி. அது கரகரப்பு இல்லாமல் பதிய வேண்டும்.

இருட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்த விலை கேம்கார்டர்களில் சென்சார், அதாவது உள்ளே படத்தைப் பதியும் சில்லு, மிகச் சிறியது, 1/5.8 அங்குல வகை. ஏஎக்ஸ்43-ல் இருப்பது 1/2.5. பரப்பில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். சின்ன சென்சார் வெயிலில் அருமையாக எடுக்கும், விளக்கு குறைந்த வீட்டில் பொரிப்பொரியாக எடுக்கும். காதுகுத்தைக் குலதெய்வக் கோயில் வாசலில் காலை வெயிலில் வைத்தால் இருபதாயிரம் கேமராவே போதும். சாயங்காலம் மண்டபத்தில் என்றால் ஒரு எல்இடி லைட்டுக்குச் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டத்தை எடுக்கும்போது கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லோர் முகத்தையும் கறுக்கடித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டுங்கள்.

குல்மார்க், ஆவ்லி என்று பனிச்சறுக்கு பார்க்கப் போகிறவர்களும் இதே கேமராவைக் கொண்டுபோகலாம். வெள்ளை வேட்டிக்குச் சொன்னதுதான் பனிக்கும், அங்கே ஒன்றிலிருந்து ஒன்றரைப் படி கூட்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பனி சாம்பலாகத் தெரியும். சறுக்கி வருகிறவர் தன் நெஞ்சில் மாட்டிக்கொள்ள ஆக்‌ஷன் கேமரா, அடிவாரத்தில் நின்று அவரைத் தொடர்ந்து எடுக்க கேம்கார்டர். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவை மூடி போட்ட பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். ஏசி காரிலிருந்து சித்திரை வெயிலில் இறங்கும்போது லென்ஸ் வியர்ப்பதும் இதே காரணம்தான்.

விட்டு விட்டு எடுக்காமல் ஓட வேண்டும் என்றேன். புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் வீடியோ 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும், ஐரோப்பியச் சுங்க வரியைத் தவிர்க்க வைத்த வரம்பு அது. கேம்கார்டரில் கார்டு நிறையும் வரை ஓடும். 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) தரத்தில் 64 ஜிபி கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். வேகம் கிளாஸ் 10-க்குக் குறையாத கார்டாக, நல்ல கடையில் பில்லோடு வாங்குங்கள். போலிக் கார்டு பாதி நிறைந்ததும் முன்னால் எடுத்ததை அழிக்கத் தொடங்கும். வாங்கிய அன்றே நிறைய எடுத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கூட வரும் பேட்டரி சின்னது, ஒன்று கூடுதலாக வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டே ரெக்கார்ட் ஆகிறதா என்பதையும் கடையிலேயே செருகிப் பாருங்கள்.

ட்ரைபாடுக்கு ஆயிரத்து ஐநூறாவது ஒதுக்குங்கள். நம் பக்கம் காதுகுத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். வீட்டில் கேமரா பழகிய ஆள் அந்த மாமனாகவே இருப்பதை நிறையப் பார்க்கிறேன். அப்போது ட்ரைபாட்தான் எடுக்க வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்தில் வைத்து, ஜூமை முழுக்கப் பின்னுக்கு இழுத்துவிட்டால் சுமார் நான்கு மீட்டர் அகலம் கிடைக்கும். மடி, ஆசாரி, சீர்த்தட்டு எல்லாம் அதற்குள் வந்துவிடும். பழைய மாடல்களில் பல இவ்வளவு அகலம் காட்டாது, அதனால் கடையில் ஜூமை முன்னே இழுத்துப் பார்ப்பதோடு பின்னே இழுத்தும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் நல்ல வழி. புது மாடல்கள் வருவது குறைந்துவிட்டதால் பத்து வருடத்துக்குள் வந்த சோனி, பானசோனிக், கேனன் கேமராக்கள் வீடுகளில் பீரோவுக்குள்தான் கிடக்கின்றன. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், வலை பின்னியது போல் தெரிந்தால் பூஞ்சை. திரையைத் திறந்து மூடி, திருப்பிப் பாருங்கள், படம் வெட்டினால் உள்ளே கேபிள் போய்விட்டது. பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. புதிய பேட்டரி இன்னும் கிடைக்கும் மாடலா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். டேப் போடும் மினிடிவி கேமராவைப் புதிதாக எடுப்பதற்கு வாங்க வேண்டாம்.

மார்கழிக்குள் வாங்கிவிடுங்கள். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அதற்கு முன் உங்கள் மாட்டை நடத்திப் பயிற்சி கொடுக்கும்போதே தள்ளி நின்று எடுத்துப் பழகுங்கள். ஜூமைப் பாதியில் வைத்து, வாடியில் ஃபோகஸைப் பூட்டி, காளை வெளிவந்ததும் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், கையை மட்டும் திருப்பக் கூடாது. தடுப்பு வேலிக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள், ஜூம் வாங்கியதே கேலரியில் உட்கார்ந்து எடுப்பதற்குத்தான். எடுத்த அன்று இரவே கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஏற்றிவிட்டு, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு கார்டை அழியுங்கள்.