ஆன்லைன் டிபிஏ: வேலையில் இருந்துகொண்டே டாக்டர் பட்டம் படிக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் அறிந்தவரை, டிபிஏ எனப்படும் வணிக நிர்வாக டாக்டர் பட்டம் படிக்கப் போய்ப் பாதியில் நின்றவர்களில் பாடம் புரியாமல் நின்றவர்கள் மிகக் குறைவு. பதினைந்து இருபது வருடம் தொழிலில் இருந்தவருக்கு நிதி, வியூகம், தலைமைப் பண்பு பற்றிய ஆன்லைன் வகுப்புகள் பெரிய பாரமாக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் அசைன்மென்ட்டை முடித்து அனுப்பிவிடலாம். சிக்கல் வருவது இரண்டு இடங்களில்: சேருவதற்கு முன் கேட்காமல் விட்ட கேள்விகளில், அப்புறம் வகுப்புகள் முடிந்து ஆய்வேடு தொடங்கும் கட்டத்தில். இந்தப் படிப்பின் பெரும்பகுதி ஆய்வேடுதான். அதை உங்களோடு சேர்ந்து வரி வரியாகப் படிக்கப் போகிறவர் உங்கள் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி. ஆனால் விளம்பரங்களில் இவை இரண்டும்தான் கடைசி வரியில் வரும்.

பட்டம் எங்கே செல்லுபடியாகும் என்று பார்க்காமல் சேருவது

'உலகளவில் அங்கீகரிக்கப்பட்டது' என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த அர்த்தமும் கிடையாது. ஒரு பட்டம் ஒரு நாட்டில், ஒரு அமைப்பால், ஒரு தேவைக்காகத்தான் அங்கீகரிக்கப்படும்.

இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது: மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். ஐஐஎம்கள் 2017ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் கொடுக்கத் தொடங்கின. அதற்கு முன் முனைவர் நிலையில் அவை கொடுத்தது ஃபெல்லோ என்ற தகுதி. யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி பிஎச்.டியை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது. 2022 அக்டோபர் இறுதியில் யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன: ஆன்லைனில் படிப்புகளை விற்கும் எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கைகோத்து விற்கும் ஆன்லைன் பிஎச்.டிகளுக்கு இங்கே அங்கீகாரம் இல்லை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை கொடுப்பது பற்றி 2025 ஏப்ரலில் வந்த விதிமுறைகளும் ஃபிரான்சைஸ் வழியில், அதாவது பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு நிறுவனம் நடத்தும் படிப்பில், பெற்ற பட்டங்களை ஏற்பதில்லை.

'இது பிஎச்.டி இல்லை சார், டிபிஏ' என்று ஆள் சேர்க்கும் எட்டெக் நிறுவனத்தின் கவுன்சிலர் சொல்வார். சரி, அப்படியென்றால் அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தனியார் நிறுவனத்தில் இருக்கிறீர்கள், ஒரு பிரச்சினையை ஆழமாக ஆராய்ந்து பார்க்கும் பயிற்சி வேண்டும், ஆலோசகராகப் போகும் எண்ணம் இருக்கிறது என்றால் யுஜிசி அங்கீகாரம் இல்லாத நல்ல வெளிநாட்டு டிபிஏவும் உங்களுக்குப் பயன்படலாம். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை, அரசு வேலை, பதவி உயர்வு என்று போனால் அதே பட்டம் கதவருகே நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு வகை உண்டு. 'ஐம்பது வயதுக்கு மேல் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், அதற்கு டாக்டர் பட்டம் வேண்டும்' என்று நினைத்துப் பல லட்சம் கட்டுகிறவர்கள். யுஜிசி 2022இல் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற பதவிக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். முறையான கல்வித் தகுதி கட்டாயம் இல்லை. பதவிக்காலம் நீட்டிப்பையும் சேர்த்து அதிகபட்சம் 4 ஆண்டுகள்தான், இடங்களும் குறைவுதான். ஆனாலும் பாடம் எடுப்பது மட்டுமே ஆசை என்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு இது.

இன்னொரு வழி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பகுதிநேர பிஎச்.டி. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி விதிமுறைகள் இதை அனுமதிக்கின்றன. குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு, கோர்ஸ்வொர்க் (ஆய்வுக்கு முந்தைய பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட். வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். படிக்கப் போதுமான நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் நிறுவனம் எழுதித் தர வேண்டும். ஐஐஎம்கள் சிலவும் வேலையில் இருப்பவர்களுக்கென்றே முனைவர் படிப்புகளை நடத்துகின்றன. இவை கடினம், நுழைவுத் தேர்வு உண்டு, நேரில் போக வேண்டும். அதனாலேயே பலர் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

வெளிநாட்டில் சேருவதென்றால் அந்த நாட்டில் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். பிரான்ஸில் அரசு அங்கீகரிக்கும் முனைவர் பட்டம் தனி. அங்குள்ள வணிகப் பள்ளிகள் தரும் டிபிஏ அந்தப் பள்ளியின் சொந்தச் சான்றுதான். அமெரிக்கா என்றால் அந்நாட்டுக் கல்வித் துறையின் தரவுதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், இலவசம்தான். வணிகப் பள்ளிகளுக்கு ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா என்ற மூன்று அங்கீகாரங்கள் கனமானவை; அவற்றின் இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது. பள்ளி அனுப்பும் சான்றிதழ் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2015இல் அம்பலமான கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம் போலிப் பல்கலைக்கழகங்களோடு நிற்கவில்லை, அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்கும் போலி அமைப்புகளையும் இணையத்தில் உருவாக்கி வைத்திருந்தது.

பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதிலும் கவனம் தேவை. ஜெர்மனியில் உரிமையில்லாமல் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வது குற்றவியல் சட்டத்தின் 132ஏ பிரிவின் கீழ் குற்றம். அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் விசிட்டிங் கார்டு அச்சிடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று வருடக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போடுவது

அமெரிக்காவின் வால்டன் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டிபிஏ மீது 2022 ஜனவரியில் மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். படிப்பை முடிக்க எத்தனை கிரெடிட் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதைக் குறைத்துக் காட்டிச் சேர்த்துக்கொண்டார்கள், ஆய்வுக் கட்டத்தில் முடிவே இல்லாமல் கட்டணம் கட்ட வைத்தார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பல்கலைக்கழகம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2024இல் 2.85 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2023 அக்டோபரில் கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கல்வித் துறை 3.77 கோடி டாலர் அபராதம் விதித்தது. முனைவர் படிப்புகளை விளம்பரத்தில் சொன்ன செலவுக்குள் முடித்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்தத் துறை கூறியது. பல்கலைக்கழகம் இதை மறுத்தது, 2025இல் அபராதமும் திரும்பப் பெறப்பட்டது. வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டிலும் தகராறு வகுப்புகளைப் பற்றியது இல்லை, வகுப்புக்குப் பிந்தைய செலவைப் பற்றியது.

எனவே கேட்க வேண்டியது இதைத்தான்: ஆய்வேடு தாமதமானால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் எவ்வளவு? சேருகிறவர்களில் எத்தனை பேர், எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள்? விடுப்பு எடுத்தால் கட்டணம் ஓடுமா, நிற்குமா? ஈஎம்ஐ போட்டுச் சேருகிறவர்கள் இன்னும் ஒன்றையும் பார்க்க வேண்டும். படிப்பை விட்டாலும் கடன் உங்களை விடாது. ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு இல்லை, கடன் கொடுத்த நிறுவனத்தோடு.

கேள்வி இல்லாமல் தலைப்பு மட்டும் வைத்துக்கொள்வது

'இந்திய வங்கிகளில் செயற்கை நுண்ணறிவின் தாக்கம்.' 'பணியாளர் மனநிறைவு: ஓர் ஆய்வு.' இவை தலைப்புகள்தான், இவற்றுக்குள் கேள்வி எதுவும் கிடையாது. எந்த வங்கி, எந்த வேலை, எதன் மீது தாக்கம், யாருக்கு அதனால் என்ன என்று கேட்டால் எழுதியவரிடமே பதில் இருக்காது. வேலையில் இருப்பவருக்குள்ள பெரிய வசதி, கேள்வி தன் மேசையிலேயே கிடப்பது. அதை விட்டுவிட்டு நாளிதழில் படித்த பெரிய சொற்களைத் தேடிப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

ஓர் எடுத்துக்காட்டு. 2023–24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்ற கெடுவைத் தாண்டிப் பணம் கொடுத்தால், கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். சிறு தொழில்களைக் காப்பாற்ற வந்த விதி. ஆனால் வாங்குகிறவர்கள் ஆர்டரை இந்த விதிக்குள் வராத நடுத்தர நிறுவனங்களுக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் கூடவே வந்தது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் நிதி மேலாளராக நீங்கள் இருந்தால், இந்த விதிக்கு முன்னும் பின்னும் உங்கள் நிறுவனமும் அதைப் போன்ற சில நிறுவனங்களும் யாரிடம் வாங்கின, எத்தனை நாளில் பணம் கொடுத்தன என்பதைக் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுக்க முடியும். இது ஒரு கேள்வி. பதில் எந்தப் பக்கம் வரும் என்று இன்று உங்களுக்குத் தெரியாது. அதனாலேயே ஆராயத் தகுந்தது.

பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்வியை எடுக்க வேண்டாம். தான் கொண்டுவந்த திட்டம் வெற்றி என்று நிரூபிக்க ஆய்வேடு எழுதுகிறவர்கள் உண்டு. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் தானே போய்ப் பேட்டி எடுத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்? அப்ரைசல் போடுகிறவரிடம் யாரும் உண்மையைக் கொட்ட மாட்டார்கள். வேறொருவரைப் பேட்டி எடுக்க வையுங்கள், இல்லையென்றால் வேறு பிரிவுக்குப் போங்கள்.

நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்த அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன 'பண்ணிக்கோங்க' போதாது. அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நீங்களே மாறிவிடவும் கூடும். மூன்று நான்கு வருடத்தில் வேலை மாறுவது சாதாரணம். மாறினால் தரவு கையில் இருக்குமா, என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) என்ன சொல்கிறது, நிறுவனத்தின் பெயரை மறைத்து எழுதலாமா என்பதெல்லாம் ஆய்வுக்கான ப்ரொபோசல் எழுதும்போதே தீர்க்க வேண்டியவை. ரகசியக் கணக்குகளைக் கண்ட ஏஐ கருவியில் போட்டு அலசச் சொல்வதும் இதே ஒப்பந்தத்தை மீறுவதுதான்.

384 பேர் கிடைத்தால் போதும் என்று நினைப்பது

மேலாண்மை ஆய்வேடுகளில் இந்த எண்ணை அடிக்கடி பார்க்கலாம். கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது. பத்து லட்சம் பேர் கொண்ட மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதம் முன்பின்னாக மதிப்பிட 384 பேர் போதும் என்கிறது அது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த 384 பேரையும் குலுக்கல்போல் யாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களிலும் லிங்க்டினிலும் போட்டு, தெரிந்தவர்களைக் கெஞ்சி நிரப்பிய 384 அப்படிப்பட்டதில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் அது யாருடைய கருத்து என்று சொல்ல முடியாது.

டிபிஏவுக்கு எப்போதும் சர்வே வேண்டும் என்பதும் கிடையாது. விஷயம் தெரிந்த இருபது பேரிடம் நீண்ட பேட்டி எடுத்து ஒழுங்காக அலசினால் ஆயிரம் டிக் மார்க்குகளில் கிடைக்காதது கிடைக்கும். ஐந்து வருட இன்வாய்ஸ் பதிவுகள் கையில் இருக்கும்போது, 'பணம் தாமதமாக வருகிறதா' என்று ஐந்து புள்ளி அளவுகோலில் எதற்குக் கேட்க வேண்டும்?

ஆய்வேட்டை எழுதிக் கொடுக்கும் 'கன்சல்டன்சி'கள் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அது மோசடி. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரே ஒரு 'ஏன் இந்த முறை?' போதும், வெளியே வந்துவிடும். எழுத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 விதிமுறைகளில், பிறர் எழுத்தோடு ஒப்புமை 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து. காசு வாங்கிக் கட்டுரை போடும் இதழ்கள் இன்னும் 'யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது' என்று மெயில் அனுப்புகின்றன. ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது.

கைடு யார் என்று தெரியாமல் பணம் கட்டுவது

இந்தியாவில் பிஎச்.டிக்கு வரம்பு உண்டு: ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிகாட்டலாம். ஆன்லைன் டிபிஏ பலவற்றில் இப்படி எண்ணே இருக்காது. கைடு எத்தனை பேரைப் பார்க்கிறார், அவர் எழுதிய ஆய்வுகள் எந்தத் துறையில், அத்தியாயம் அனுப்பினால் எத்தனை நாளில் கருத்துச் சொல்வார், ஒத்துவராவிட்டால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். முடித்தவர்களின் புகழுரையை விளம்பரத்திலேயே படிக்கலாம். பாதி வழியில் இருப்பவர்தான் உள்ளதைச் சொல்வார்.

உங்கள் பக்கத்து நேரமும் இருக்கிறது. வகுப்பு இருந்தவரை கெடு தேதிகள் உங்களை ஓட்டின. ஆய்வேட்டில் யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். நிதித் துறையில் இருப்பவர் மார்ச்சிலும் செப்டம்பரிலும் அத்தியாயம் தருவதாக ஒப்புக்கொள்ளக் கூடாது. சில்லறை வணிகத்தில் இருப்பவர் தீபாவளி மாதத்தை விட்டுவிட வேண்டும். ஞாயிறு முழுக்க எழுதலாம் என்று தள்ளிவைத்தால், முந்தைய வாரம் எங்கே விட்டோம் என்று தேடவே மதியம் ஆகிவிடும். வார நாட்களில் காலை ஒரு மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதுதான் பெரும்பாலோருக்குக் கைகொடுக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவது யார் என்பதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்.

இவ்வளவையும் கவுன்சிலரிடம் போனில் கேட்க வேண்டாம். பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்துக்கே மெயில் போடுங்கள்: பட்டத்தின் முழுப்பெயர், சான்றிதழில் கையெழுத்திடுவது யார், அந்த நாட்டில் அதன் அங்கீகாரம், மொத்தச் செலவு, தாமதக் கட்டணம், கைடு ஒதுக்கும் முறை. 'இன்றே சேர்ந்தால் சலுகை' என்று எட்டெக் நிறுவனத்திலிருந்து தினமும் போன் வரும், வரட்டும். பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை டோக்கன் தொகைகூடக் கட்டாதீர்கள்.