மவுஸ் வாங்குவதற்கு முன் கையை அளந்து பாருங்கள்

புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் தொழில். காலையில் மவுஸைப் பிடித்தால் இருட்டும்வரை கை அதன்மேல்தான் இருக்கும். அப்படிப்பட்ட நானே ஒருமுறை, பெட்டியில் அச்சிட்டிருந்த பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி, ஏழு வண்ண விளக்கு எரிகிற தடித்த மவுஸ் ஒன்றை வாங்கினேன். மூன்றாவது வாரம் மணிக்கட்டில் வலி தொடங்கியது. தைலம் தேய்த்தேன், பட்டை கட்டினேன், நாற்காலியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் மவுஸ் என் கைக்கு ஒரு சைஸ் பெரியது. செருப்பு பெரிதாக இருந்தால் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிடுகிறோம். மவுஸை மட்டும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்காக, நான் இப்போது பின்பற்றுகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஸ்கேலை எடுங்கள்

உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு தொடங்குகிற இடத்தில் ஒரு ரேகை இருக்கும். அங்கிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் சிறிய கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய கை. இது ஒரு தோராயக் கணக்குதான். மவுஸின் நீளம் அந்த அளவில் பாதிக்குச் சற்று மேலே, ஏறக்குறைய அறுபது சதவீதம் இருந்தால் பெரும்பாலும் பொருந்தும். 17 சென்டிமீட்டர் கைக்கு 10 சென்டிமீட்டர் மவுஸ். இணையத்தில் வாங்கினாலும் பொருளின் விவரப் பட்டியலில் நீளம், அகலம், உயரம் மில்லிமீட்டரில் இருக்கும். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

அப்புறம் நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். சிலர் உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மேல் படுக்க வைப்பார்கள். அவர்களுக்கு முதுகு உயர்ந்த மவுஸ் வேண்டும். சிலர் விரல் நுனியால் மட்டும் நகர்த்துவார்கள். அவர்களுக்குச் சிறியதும் தட்டையானதும் போதும். இரண்டுக்கும் நடுவில், விரல்களை வளைத்துப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்த வரையில். கடையில் மாதிரி இருந்தால் கையில் வாங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் எங்கே போகின்றன என்று பாருங்கள். சுண்டு விரல் மேசையில் தேய்ந்துகொண்டு வந்தால் அந்த மவுஸ் உங்களுக்குச் சிறியது.

இடது கைக்காரர்கள் இரு பக்கமும் ஒரே வடிவத்தில் இருக்கிற மவுஸை எடுங்கள். வலது கைக்கென்று செதுக்கிய மவுஸில் பட்டனை மாற்றி அமைத்தாலும் கட்டைவிரல் குழி தவறான பக்கத்தில்தான் இருக்கும்.

படி 2: ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

வீட்டில் ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் ஒயர் உள்ளதே என் ஓட்டு. பேட்டரி கவலை கிடையாது, விலையும் குறைவு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் ஒயர்லெஸ் வாங்குங்கள்.

ஒயர்லெஸ்ஸில் இரண்டு வகை. ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டாங்கிள் தருவார்கள். அதை யுஎஸ்பி துளையில் செருகினால் போதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். இன்னொன்று புளூடூத்; துளை எதுவும் தேவையில்லை, ஆனால் கம்ப்யூட்டரில் புளூடூத் இருக்க வேண்டும். பழைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இருக்காது. டாங்கிள் தொலைந்தால் பல மவுஸ்கள் வெறும் பிளாஸ்டிக்தான். அதை வைக்கப் பெரும்பாலும் பேட்டரி மூடிக்குள்ளேயே ஒரு குழி இருக்கும். பயணத்தின்போது அதில் செருகி வையுங்கள்.

இங்கே ஒரு தகராறைச் சொல்லியாக வேண்டும், நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை நகலெடுக்கும்போதெல்லாம் என் ஒயர்லெஸ் மவுஸ் நொண்டும். அம்புக்குறி நிற்கும், திடீரென்று தாவும். பேட்டரியை மாற்றினேன், மவுஸையே மாற்றினேன், பயனில்லை. காரணம் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்த யுஎஸ்பி 3 துளை. யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழுப்புகிற மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை ஆராய்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளும் ஹார்ட் டிஸ்கும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் இருந்தால், சத்தமான கல்யாண மண்டபத்தில் ரகசியம் பேசுகிற மாதிரிதான். டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு சிறிய யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் செருகி மவுஸுக்கு அருகில் கொண்டுவாருங்கள். எனக்கு அந்த ஒயரிலேயே பிரச்சினை தீர்ந்தது.

படி 3: பெட்டியில் உள்ள எண்ணுக்கு மயங்காதீர்கள்

நான் மயங்கிய எண் இதுதான்: டிபிஐ. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை புள்ளி நகர்ந்ததாகச் சொல்லும் என்பதே அதன் பொருள். மவுஸின் வயிற்றில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அடியில் எரிகிற விளக்கின் வெளிச்சத்தில் மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடும்.

சாதாரணத் திரையின் அகலம் 1920 பிக்சல், அதாவது 1920 புள்ளி. 1600 டிபிஐ வைத்தால் கையை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தியதுமே அம்புக்குறி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும். 16,000 டிபிஐ-யில் அதே தூரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் போதும். தும்மினால் அம்புக்குறி காணாமல் போகும்! அன்றாட வேலைக்கு 800 முதல் 1600 வரை தாராளம். அதற்கு மேல் கொடுக்கிற காசு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கானது; அவர்களிலும் பலர் 800-லேயே வைத்துத்தான் ஆடுகிறார்கள்.

கேமரா என்பதால்தான் கண்ணாடி மேசையில் பெரும்பாலான மவுஸ்கள் திணறுகின்றன. படமெடுக்க அங்கே புள்ளியோ கீறலோ இல்லை. ஒரு துணிப் பேட் வாங்கிப் போடுங்கள்.

ஆரம்பத்தில் கேமராவெல்லாம் கிடையாது. அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு 1964-இல் அவருடைய சகா பில் இங்கிலிஷ் வடிவம் கொடுத்தபோது அது ஒரு மரப்பெட்டி, அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரம். நான் பழகிய முதல் மவுஸுக்கு அடியில் ரப்பர் உருண்டை இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்ததும் மவுஸைத் திருப்பி, உருண்டை இருக்கிறதா, எவனாவது சுட்டுவிட்டானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ‘சுட்டி’ என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

படி 4: வாங்கி வந்ததும் அமைப்பை மாற்றுங்கள்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் மவுஸ் என்று போங்கள். அங்கே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அம்புக்குறி ஓரத்துக்குப் போகக் கையைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தால் வேகம் குறைவு. சின்ன பட்டன்களைத் தாண்டி ஓடிவிடுகிறது என்றால் வேகம் அதிகம். ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்பது கையை வேகமாக அசைத்தால் அம்புக்குறியைக் கூடுதல் தூரம் ஓட்டும். எனக்குப் பிடிக்காது, அணைத்துவிட்டேன். உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால் இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டு மாற்றம் அவசியம். அதே பக்கத்தில் உள்ள கூடுதல் அமைப்புகளில் டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள். என் அப்பா “அழுத்துறேன், திறக்க மாட்டேங்குதே” என்று ஒரு மாதம் புலம்பினார். அவருடைய இரண்டு அழுத்தலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கம்ப்யூட்டர் இரண்டு தனித்தனிக் கிளிக்காக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்னொன்று, அக்சசிபிலிட்டி பகுதியில் அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள்.

படி 5: எங்கே வைக்கிறீர்கள்?

சரியான மவுஸ் வாங்கியும் வலி வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் தூரம்தான். கீபோர்டின் வலது ஓரத்தில் எண் பட்டன்கள் இருக்கின்றன அல்லவா, அவை மவுஸை ஏறக்குறைய அரைச் சாண் தள்ளிவிடுகின்றன. அங்கே கையை நீட்டிக்கொண்டே இருந்தால் தோள் இறுகும். எண்களை அதிகம் தட்டாதவர்கள் அந்தப் பகுதி இல்லாத கீபோர்டு வாங்கலாம். முழங்கை உடம்பை ஒட்டி, ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு மேலேயோ பக்கவாட்டிலோ வளையக்கூடாது. பெரிய அசைவுகளை முழங்கையிலிருந்து செய்யுங்கள். படிக்கும்போது மவுஸை விட்டுக் கையை எடுங்கள். சும்மா பிடித்துக்கொண்டிருப்பதும் தசைக்கு வேலைதான்.

கையசைவைக் குறைக்கச் சில வித்தைகள்: பிரவுசரில் ஒரு இணைப்பின் (லிங்க்) மேல் வைத்துச் சக்கரத்தையே அழுத்தினால் அது புதிய டேபில் திறக்கும், டேபின் மேல் வைத்து அழுத்தினால் அது மூடும். கன்ட்ரோல் பட்டனோடு சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க இரண்டு கிளிக், பல இடங்களில் பத்தி முழுவதற்கும் மூன்று கிளிக்.

படி 6: அவ்வப்போது துடையுங்கள்

ஒயரைக் கழற்றிவிட்டு அல்லது அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காதுக் குச்சியால் அடியில் உள்ள பாதங்களைத் துடையுங்கள். கேமரா துளையில் ஒரு முடி விழுந்தாலே அம்புக்குறி பேயாடும், ஊதினாலே போய்விடும். மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். கசிந்தால் உள்ளே உள்ள தகடு அரித்துப்போகும்.

சில வருடம் கழித்து ஒரு கிளிக் இரண்டு கிளிக்காக விழத் தொடங்கலாம். பட்டனுக்கு அடியில் உள்ள ஸ்விட்சின் மெல்லிய உலோகத் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரசீதைத் தேடுங்கள், உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கலாம். எனக்கு முடிந்துபோயிருந்தது. பழுது பார்க்கிற தம்பி, “அண்ணே, ஸ்விட்ச் மாத்துற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்” என்றார். பழகிய மவுஸ் என்று மாற்றவே சொன்னேன். இரண்டு வருடமாக ஓடுகிறது.