மொத்த வியாபாரம் நின்றபோது மசாலாக் கடையைக் காப்பாற்றியது

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் சர்க்கியூட் பிரேக்கர், அதாவது கோவிட் பரவலைத் தடுக்கப் போட்ட முடக்கம். உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, கல்யாண விருந்தும் கிடையாது. தேக்கா பக்கம் இருந்த என் மசாலா அரவைக் கடையின் மொத்த ஆர்டர்கள் அதோடு நின்றன.

முதலில் சம்பளத்தைச் சமாளித்தேன். அரசின் வேலை ஆதரவுத் திட்டம் சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளின் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளியில் 75 விழுக்காட்டை அந்த இரண்டு மாதங்களுக்கு ஏற்றது. யாரையும் அனுப்பவில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

அப்புறம் விற்பனை. உணவகம் மூடினாலும் வீட்டில் குழம்பு கொதிக்கத்தானே செய்யும்? மூட்டையை நிறுத்திவிட்டு 200 கிராம் பாக்கெட் போட்டோம். வாட்ஸ்அப்பில் ஆர்டர். டெலிவரிச் செலவுதான் லாபத்தைத் தின்றது. அதனால் பேட்டைக்கு ஒரு நாள் ஒதுக்கினேன்: செவ்வாய் தோ பாயோ, வியாழன் ஈசூன். ஒரே புளோக்கில் நாலைந்து வீடு சேர்ந்தால் டெலிவரி இலவசம். அக்கம்பக்கத்து அக்காமார்களே ஆள் சேர்த்தார்கள்.

பாக்கி வைத்திருந்த உணவகங்களை நெருக்கவில்லை. முடிந்ததை மாதாமாதம் தரச் சொன்னேன். கடைகள் திறந்ததும் அவர்களில் பெரும்பாலோர் என்னிடமே வந்தார்கள். பாக்கெட் வியாபாரத்தையும் நான் விடவில்லை.