கறுத்ததெல்லாம் பழமல்ல: பிளான்டெய்ன் பொரிக்கப்போகும் நம்மவர்களுக்கு

போன வாரம் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அக்கா மகன் குடியிருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு பையன்கள், ஒரே அடுப்பு. ஏதோ ஜமேக்கா கடையில் தின்ற பிளான்டெய்ன் (சமைத்துத் தின்கிற வாழை வகை) பிடித்துப்போய், வீட்டிலேயே பொரிக்கப் போகிறோம் என்று வாணலி நிறைய எண்ணெய் காயவைத்திருந்தார்கள். ஒருவன் மும்முரமாகக் கடலை மாவு கரைத்துக்கொண்டிருந்தான். 15 வருடத்துக்கு முன் டொராண்டோவுக்கு வந்த புதிதில் நான் செய்த கூத்தெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்றுவிடாமல் இவர்களும் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

எண்ணெய் காயுமுன் போடாதே, ஈரக்கையோடு தொடாதே என்பதெல்லாம் பஜ்ஜி சுடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் கைப்பழக்கத்தால் வருகிற தவறுகள் வேறு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்று. கரீபியனில் பொரித்த வாழை என்றால் இரண்டு வகை. நன்றாகப் பழுத்ததைச் சாய்வாக வெட்டிப் பொரிப்பது ஒன்று. கியூபாவில் அதற்கு மதூரோஸ் என்று பெயர்; ஸ்பானிய மொழியில் ‘பழுத்தவை’ என்றே பொருள். ஜமேக்காவில் அக்கி என்ற பழமும் உப்புமீனும் சேர்ந்த காலைச் சாப்பாட்டுத் தட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பது இதுதான். இன்னொன்று பச்சைக்காயைப் பொரித்து, நசுக்கி, மறுபடி பொரிப்பது. அது தோஸ்தோனெஸ். ஹைட்டியில் பனான் பேசே. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதி பழுத்ததை வாங்கிவந்தால் இதுவும் வராது, அதுவும் வராது.

மாவு

வேண்டாம். மாவில் முக்கினால் அது பழம்பொரி. நாகர்கோவில்காரனான எனக்குப் பழம்பொரிமேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அது வேறு பலகாரம்.

பஜ்ஜிக்காய் வாங்குவது

வாழைக்காய் என்றதும் நம் கை மொந்தனுக்குத்தான் போகும். மொந்தன் வேறு இனம். பழுத்தாலும் அந்த இனிப்பும் இறுக்கமும் அதில் வராது. பிளான்டெய்ன் வகைக்கு நம் ஊரில் சொந்தக்காரன் நேந்திரன். எங்கள் பக்கத்தில் ஏத்தம்பழம் என்போம். சென்னையிலோ கோவையிலோ இருந்தால் அதை வாங்குங்கள், போதும். இறக்குமதிச் சரக்கைத் தேடி அலைய வேண்டாம். சொல்லப்போனால் அந்தத் தீவுகளுக்கே வாழை இறக்குமதிதான். 1516ல் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற ஸ்பானியப் பாதிரியார் கானரித் தீவுகளிலிருந்து இன்றைய ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கிற இஸ்பானியோலாத் தீவுக்குக் கொண்டுபோனார் என்பது பழைய பதிவு. அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர் வீட்டுக் கொல்லைகளில் குலை தள்ளிக்கொண்டிருந்த பயிர்.

கறுப்பை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

‘தோல் நன்றாகக் கறுத்த பிறகு பொரியுங்கள்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொய்யில்லை. பூவனோ ரஸ்தாளியோ மஞ்சளாகிவிட்டால் உள்ளே இருந்த மாவெல்லாம் அநேகமாகச் சர்க்கரையாகிவிட்டது என்று அர்த்தம். பிளான்டெய்ன் அப்படியில்லை. மஞ்சளாகும்போது அது பாதி வழிதான் வந்திருக்கும், உள்ளே இன்னும் மாவு கிடக்கும். அப்போது பொரித்தாலும் தின்னலாம்தான். ஆனால் ஓரம் தேன் நிறத்தில் முறுகி, நடுவில் கரண்டி பட்டாலே இளகுகிற அந்தப் பதம் கிடைக்காது. அதற்கு மஞ்சளின்மேல் கறுப்பு படர வேண்டும்.

ஆனால் தோல் கறுப்பதற்கு இரண்டு வழி உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. பழுத்தும் கறுக்கும், குளிர் பட்டும் கறுக்கும்.

எனக்கு அது புரிந்த கதையைக் கேளுங்கள். ஒரு ஜனவரி மாதம். கீழ்வீட்டில் ஜமேக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். அவர் மகளுக்குப் பிறந்தநாள், 30 பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். வாய் சும்மா இருக்காமல் நான் பிளான்டெய்ன் செய்துவருகிறேன் என்றேன். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிறோமே என்று அப்போது உறைக்கவில்லை. பச்சைக்காயாக 24 வாங்கினேன். சமையலறையில் வைக்க இடமில்லை என்று ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கினேன். ஆறாவது நாள் திறந்து பார்த்தால் அத்தனையும் கறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கத்தி வைத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தோல் உரிய மாட்டேன் என்றது; சீவித்தான் எடுத்தேன். உள்ளே சதை வெளிறிக் கிடந்தது. நாலு துண்டு போட்டதுமே கத்தியின் இரண்டு பக்கமும் வெள்ளையாக மாவு படிந்தது. பழுத்ததை வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும், இப்படி மாவு படியாது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு அப்படியே எண்ணெயில் போட்டேன். சிவக்கவே இல்லை. உள்ளே சர்க்கரை இருந்தால்தானே சிவக்கும்? சரி, சர்க்கரைதானே குறை என்று பழுப்புச் சர்க்கரையைத் தூவி மறுபடியும் எண்ணெயில் இறக்கினேன். அது துண்டுகளில் ஒட்டாமல் எண்ணெயில் இறங்கிக் கருகி, கறுப்பு முத்து முத்தாகத் திரும்பிவந்து அப்பிக்கொண்டது. புகை மணி அலற ஆரம்பித்தது.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். வாணலியைப் பார்க்கவேயில்லை. மேடையில் மிச்சமிருந்த காய் ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் அழுத்தினார். “இது பழுக்கலை மகனே, செத்துப்போச்சு” என்றார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு கீழே கூட்டிக்கொண்டுபோய்த் தன் பழங்களைக் காட்டினார். காகிதப்பையில், ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தார், உள்ளே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். வாழை வெயில் தேசத்துப் பிறவி. ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோல் அடிபட்டுக் கறுத்துவிடும், உள்ளே பழுக்கிற வேலை நின்றுவிடும். திரும்ப வெளியே எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. கப்பலில் வாழைக்காயை 13, 14 டிகிரியில் வைத்துக் கொண்டுவருவது இதற்காகத்தான். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி. குளிர்காலத்தில் கார் டிக்கியிலும் பால்கனியிலும் விட்டுவைத்தால் அதே கதிதான்.

கண்டுபிடிப்பது சுலபம். பழுத்த கறுப்பு மஞ்சளிலிருந்து வரும். புள்ளியாகத் தொடங்கிப் படரும், இடுக்கில் எங்காவது மஞ்சள் மிச்சமிருக்கும். தோல் மெலிந்திருக்கும், அழுத்தினால் விரல் லேசாக அமுங்கும், மூக்கருகே கொண்டுபோனால் மணக்கும். குளிர்க் கறுப்பு மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தோல் தடித்து விறைப்பாக நிற்கும். மணமே இருக்காது.

பழுக்க வைக்க நம் வீட்டு அரிசி டப்பா போதும். இல்லையென்றால் காகிதப்பையில் ஓர் ஆப்பிளோடு போட்டு மூடி வையுங்கள். பச்சையிலிருந்து கறுப்புக்கு ஒரு வாரமும் ஆகலாம், 12 நாளும் ஆகலாம். முழுக்கப் பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் குற்றமில்லை, சில நாள் தாங்கும்.

அன்றைக்கு மருமகனின் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஒன்பது காய், எல்லாம் கறுப்பு. “மாமா, யூடியூப்ல கறுப்பா இருக்கணும்னுதானே சொன்னாங்க?” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சொன்னவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள். அந்த ஒன்பதையும் தூக்கியெறிய விடவில்லை; உள்ளே இருப்பது காய்தானே. உப்பு போட்டு வேகவைத்து, வெண்ணெய் சேர்த்து மசித்து, வெங்காயத்தை வினிகர் விட்டு வதக்கி மேலே போட்டோம். டொமினிகன் குடியரசில் காலையில் சாப்பிடுகிற மங்கு அது. கடலை மாவு கரைத்தவன்தான் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

சிப்ஸ் மாதிரி சீவுவது

இது எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி. பழுத்ததை மெல்லிசாகச் சீவினால் திருப்பும்போதே பிய்ந்துவிடும். சாய்வாக, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்டுங்கள். எண்ணெயும் முங்க முங்க வேண்டாம், துண்டின் பாதி உயரம் இருந்தால் போதும். தீ நடுத்தரம். சர்க்கரை ஏறிய பழம் கண் மூடித் திறப்பதற்குள் கருகும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், பக்கத்திலேயே நில்லுங்கள்.

மூடி போடுவது

போடாதீர்கள். ஆவியில் தொளதொளத்துப்போகும்.

ஆறவிட்டு நசுக்குவது

இது தோஸ்தோனெஸ் செய்பவர்களுக்கு. பச்சைக்காயை இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, முதல் முறை மிதமான சூட்டில் வெளிர்மஞ்சளாக மட்டும் பொரியுங்கள். இங்கேயே சிவக்கவிட்டால் நசுக்கும்போது நொறுங்கும். எடுத்ததும் சுடச்சுட நசுக்க வேண்டும். ‘எல்லாவற்றையும் பொரித்து முடித்துவிட்டு வருகிறேன்’ என்று போனால் ஆறிப்போய் ஓரமெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். நசுக்க அங்கே தோஸ்தோனேரா என்று கீல் வைத்த மரக்கட்டை உண்டு. நம் வீட்டுப் பூரி அமுக்கி அந்த வேலையைச் செய்துவிடும், ஆனால் அப்பளமாக்கிவிடாதீர்கள். அரை சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். பூண்டு தட்டிப்போட்ட உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உதறி, இந்த முறை நல்ல சூட்டில் மொறுமொறுவென்று எடுங்கள்.

வாழைக்கறை பற்றிச் சொல்ல வேண்டுமா? கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை போடாதீர்கள்.

மிளகாய்த்தூள்

உப்பு மட்டும், அதுவும் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில். காரம் வேண்டுமானால் ஹைட்டிக்காரர்கள் செய்கிற பிக்லிஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டைக்கோசு, காரட், ஸ்காட்ச் பானட் மிளகாய், எல்லாம் வினிகரில் ஊறியது. என் மனைவி எலுமிச்சை ஊறுகாய் வைத்துத் தின்பாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு அது தெரியாது.

மறுநாள்

பழுத்ததைத் தோசைக்கல்லில் சூடாக்கலாம். தோஸ்தோனெஸை மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத் தோல்தான்.