ஸ்னோமொபைல் பேட்டரி நீண்ட நாள் உழைக்க: சீசன் முடியும் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் பக்கங்களில் முதல் நல்ல பனி விழுந்த காலையில் பல வீட்டுக் கொட்டகைகளிலும் ஒரே சத்தம்தான் கேட்கும்: சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’. செல்ஃப் எடுக்காது. குளிர் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்த பேட்டரி பெரும்பாலும் கோடையிலேயே கெட்டிருக்கும். ஏப்ரலில் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு ஏழெட்டு மாதம் திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் காரணம். அதனால் பேட்டரி பராமரிப்பைக் கடைசி சவாரி முடிந்த வாரத்திலேயே தொடங்குங்கள்.

ஈய அமில பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க, தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகும். இறுகிய பகுதி மறுபடி வேலை செய்யாது. சும்மா கிடக்கும் பேட்டரியிலும் சார்ஜ் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கோடை ஆபத்தானது இதனால்தான்.

உங்களுடையது எந்த வகை?

மேலே மூடிகளும் பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாயும் இருந்தால் அது தண்ணீர் ஊற்றும் பழைய வகை. முழுவதும் மூடியிருந்து ‘ஏஜிஎம்’ (AGM, அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஈய அமில வகை) என்று எழுதியிருந்தால் அதற்குத் தண்ணீர் தேவையில்லை. இன்று அதிகம் வருவது இதுதான். கையில் எடுத்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு லேசாக இருந்தால் லித்தியம். அதற்கு விதிகள் வேறு, கடைசியில் பார்ப்போம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சில டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பேட்டரியே இருக்காது. ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைல் பிராண்டின் ‘ஷாட்’ ஸ்டார்ட்டரும் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு கருவி) ஓடுவது.

தேவையானவை: மல்டிமீட்டர், 1 முதல் 2 ஆம்பியர் வரை தரும் தானியங்கி 12 வோல்ட் சார்ஜர், ஸ்பேனர் (பெரும்பாலும் 10 மி.மீ.), கம்பி பிரஷ், ஆப்பசோடா, வாசலின், கையுறை, கண்ணாடி. பழைய வகை என்றால் டிஸ்டில்டு வாட்டரும்.

படி 1: கழற்றுதல்

சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். முதலில் கறுப்பு, அதாவது நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பிறகுதான் சிவப்பு. சிவப்பை முதலில் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தில் பட்டவுடன் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் அந்த வழியே அறுந்துவிடுகிறது. ரப்பர் குழாய் இருந்தால் அதையும் உருவிவிட்டு வெளியே எடுங்கள்.

படி 2: துடைத்தல்

ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் டெர்மினல்களைத் தேயுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் அமிலத்தின் வீரியம் போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடையுங்கள். பெட்டி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அதோடு நிறுத்திக்கொண்டு மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: தண்ணீர் (பழைய வகைக்கு மட்டும்)

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றவே கூடாது; ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி சார்ஜ் போடுங்கள்; மேல்கோடு வரை நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகு. சார்ஜ் ஏறும்போது திரவ மட்டமும் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் வழிந்துவிடும்.

படி 4: சார்ஜ்

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணி (Ah, அதன் கொள்ளளவு) அளவில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜர் தர வேண்டும். 18 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.8 ஆம்பியர். காருக்கு வைத்திருக்கும் 10 ஆம்பியர் சார்ஜரை இந்தச் சின்ன பேட்டரியில் மாட்டினால் சூடாகி, உள்ளே உள்ள ஈரம் வாயுவாக வெளியேறும். ஏஜிஎம் வகையில் போன ஈரத்தைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை. சார்ஜரில் ஏஜிஎம் என்று தனி நிலை இருந்தால் அதையே வையுங்கள்.

முழுதாக ஏறியதும் கழற்றி, ஓர் இரவு விட்டுவிட்டு அளந்து பாருங்கள். உடனே அளந்தால் வோல்ட் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். பழைய வகை 12.6 முதல் 12.7 வோல்ட், ஏஜிஎம் 12.8 முதல் 13 வோல்ட் வரை காட்டினால் நல்லது. முழு சார்ஜுக்குப் பிறகும் ஓர் இரவில் 12.4க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது; அதை எந்த சார்ஜராலும் மீட்க முடியாது.

படி 5: கோடைக்கு வைத்தல்

குளிர்ச்சியான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடம் போதும். ஃபர்னஸ் பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பழைய வகையைத் தீப்பொறி வரக்கூடிய எதன் அருகிலும் வைக்கக் கூடாது. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்றும் சொல்கிறார்கள். மரப்பெட்டியும் ரப்பர் பெட்டியும் இருந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் ஒன்றும் ஆகாது.

தானாக 13.2 முதல் 13.6 வோல்டுக்கு இறங்கிக் காத்திருக்கும் சார்ஜர் என்றால் மாட்டியே வைக்கலாம். தானாக நிற்காத மலிவு சார்ஜரை மாட்டி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை கையால் சார்ஜ் போட்டு, கழற்றிவிடுங்கள். ஏஜிஎம் 12.5க்கு வந்துவிட்டால் மாத முடிவு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போடுங்கள்.

பனிக்காலத்தில் சூடில்லாத கொட்டகையில் இருந்தால் உறைந்துவிடுமா? முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி வெடிக்கும். உறைந்த பேட்டரிக்கு எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடாதீர்கள், வேறு வண்டியிலிருந்து கேபிளும் கொடுக்காதீர்கள்.

படி 6: மறுபடி மாட்டுதல்

இப்போது வரிசை தலைகீழ்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. ரப்பர் குழாய் எங்கும் நசுங்காமல் கீழ்நோக்கிப் போகட்டும். நட்டை இறுக்கிய பிறகு மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள். பேட்டரியைப் பிடிக்கும் பட்டையைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஸ்னோமொபைல் மேடுபள்ளங்களில் குதிக்கும் வேகத்தில், பட்டை தளர்ந்தால் உள்ளே தகடுகள் உடைகின்றன. நல்ல பேட்டரிகள் இப்படியும் சாகின்றன.

படி 7: மூன்று அளவீடுகள்

முதலாவது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் வோல்ட் பாருங்கள். அறை வெப்பநிலையில் 9.6க்குக் கீழே விழுந்தால் பலம் போய்விட்டது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் உந்து பலமே ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். இளஞ்சூட்டிலேயே தடுமாறும் பேட்டரியிடம் அங்கே எதையும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, இன்ஜின் ஓடும்போது. ஆள் இல்லாத திசையில் வண்டியை நிறுத்தி, கிளட்ச் பிடிக்கும் வேகத்துக்குக் கீழேயே இன்ஜினை உயர்த்திப் பிடித்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் ஸ்டேட்டரையோ (இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் பாகம்) ரெகுலேட்டரையோ (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) சந்தேகியுங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. சாவி இல்லாமலே ஏதாவது மின்சாரம் குடிக்கிறதா? கறுப்பு ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் ஒயருக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவில் வையுங்கள். அப்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், கவனம். பூஜ்யத்தை ஒட்டிச் சில மில்லிஆம்பியர் என்றால் கவலையில்லை. 20 மில்லிஆம்பியர் என்றால் நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி, 18 ஆம்பியர்-மணி பேட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். நாமே மாட்டிய ஜிபிஎஸ், போன் சார்ஜர் ஒயர்களை முதலில் பாருங்கள்.

சீசன் நடுவில்

செல்ஃபை ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். அரை நிமிடமாவது விட்டு அடுத்த முயற்சி. சூடேற்றும் கைப்பிடி, கட்டைவிரல் ஹீட்டர், ஹெல்மெட் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஐடிலில் நின்றால் சார்ஜ் ஏறாது, இறங்கும். ஐந்து நிமிட ஓட்டங்களும் அப்படித்தான்: ஸ்டார்ட் செய்யச் செலவானது திரும்புவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். அந்த மாதிரி வாரங்களில் வீடு திரும்பியதும் சார்ஜர் மாட்டுவது நல்லது.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, பேட்டரியின் உட்பகுதியும் குளிர் தணியும் வரை சில மணி நேரம் காத்திருந்து மாட்டுங்கள். சார்ஜர் லித்தியத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஈய பேட்டரி சார்ஜரின் சல்பேட் நீக்கும் நிலை இதற்கு ஆகாது. கடுங்குளிரில் முதல் முயற்சியில் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள். அந்தச் சிறு சுமையில் செல்கள் உள்ளிருந்தே சூடேறும்; அடுத்த முறை வேகம் தெரியும்.